ஊசிக்கும் லூப்புக்கும் எங்கள் அம்மாமார் ஏன் தயங்குகிறார்கள்?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார்: "இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம். தாய்ப்பால் கொடுக்கிறேன், இன்னும் பீரியட்ஸ் வரவில்லை. மிட்வைஃப் மிஸ் ஊசி போடச் சொல்கிறா. ஊசி போட்டால் கர்ப்பப்பை காய்ந்துபோகும் என்று மாமி மறிக்கிறா. கணவர் வாயே திறக்கிறாரில்லை. நான் வங்கியில் வேலை செய்கிறவள், ஆனாலும் பயமாக இருக்கிறது. படித்த அம்மாமார்கூட செயற்கைக் கருத்தடை என்றால் ஏன் இப்படிப் பின்வாங்குகிறோம்?"

தங்கை, பெரிய கேள்விக்குப் போக முன்னர் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் கருத்தடையாக வேலை செய்ய மூன்று நிபந்தனைகள் ஒன்றாக இருக்க வேண்டும்: பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, தாய்ப்பாலைத் தவிர வேறு ஆகாரம் கொடுத்திருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 100 பேரில் 98 பேருக்கு அது காவல். எட்டு மாதப் பிள்ளைக்குச் சோறும் பருப்பும் மசித்து ஊட்டத் தொடங்கியிருப்பீர்கள். அந்தக் காவல் இப்போது உங்களுக்கு இல்லை. பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்னரே சூல்முட்டை வெளியேறலாம். பீரியட்ஸ் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்து, அது வராமலேயே அடுத்த பிள்ளையைச் சுமந்துகொண்டு கிளினிக்குக்கு வந்த தாய்மாரை மூதூரிலும் கண்டிருக்கிறேன், நகரத்திலும் கண்டிருக்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக நெடுங்காலம் வீடு வீடாகப் போனவள் என்ற முறையில் சொல்கிறேன்: அம்மாமாரின் தயக்கத்தை அறியாமை என்று எழுதிவைப்பது பெரிய அநியாயம். இலங்கையில் குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கியது 1953இல். அரசு அதைத் தன் சுகாதார சேவையில் சேர்த்தது 1965இல். மூன்று தலைமுறையாக இந்தப் பேச்சு எங்கள் வீடுகளுக்குள் இருக்கிறது. நாடு முழுவதும் எடுத்த 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 100க்குச் சுமார் 65 பேர் ஏதோவொரு முறையைப் பயன்படுத்தினார்கள். அவர்களில் சுமார் 11 பேர் நம்பியிருந்தது நாள் பார்ப்பதையும், கணவன் கடைசி நேரத்தில் விலகுவதையும். பிள்ளை இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும் குளிசையையோ ஊசியையோ தொடாதவர்கள் இவர்கள். ஏன் தொடவில்லை என்று உட்கார்ந்து கேட்டால் ஒவ்வொருவரிடமும் நியாயமான ஒரு காரணம் இருக்கும்.

நான் அதிகம் கேட்ட காரணம் இரத்தம். மருத்துவப் புத்தகத்தில் "ஒழுங்கற்ற உதிரப்போக்கு, ஆபத்தற்ற பக்கவிளைவு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே அந்த ஒரு வரி ஒரு பெண்ணின் முழு வாழ்க்கைக்குள்ளும் நுழைந்துவிடும். மூன்று மாத ஊசியோ, கையில் வைக்கும் ஜடெல் குச்சியோ எடுத்த முதல் மாதங்களில், நாலு நாள் துளித்துளியாகப் பட்டு, இரண்டு நாள் நின்று, பிறகு மீண்டும் படும். கேதாரகௌரி விரதம் 21 நாள். நடுவில் ஒரு துளி பட்டால் துடக்கு என்று காப்புக் கட்டுவதே கேள்வியாகிவிடும். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு நேர்த்தி வைத்த பெண், தேதி எண்ணி ஆயத்தமாக முடியாமல் தவிப்பாள். கிண்ணியாவிலும் மூதூரிலும் இதே கவலை தொழுகையில் வந்து நிற்கும். "மிஸ், நோன்பு பதினைந்தும் போயிட்டு, இது ஹைழா இல்லையா எண்டு யாரிட்டப் போய்க் கேட்கிற?" என்று ஒரு தாய் கேட்டபோது, அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் துண்டுப்பிரசுரம் எதிலும் இருக்கவில்லை. பதில் மார்க்கத்திலேயே உண்டு: வழமையான மாதவிடாய்தான் ஹைழ். அதற்குப் புறம்பான உதிரம் இஸ்திஹாழா, அதில் வுழு என்ற சுத்தம் செய்து தொழலாம், நோன்பும் பிடிக்கலாம். ஒருவருடைய எந்த நாட்கள் எதில் சேரும் என்பதை மார்க்கம் கற்ற பெண்ணான ஓர் ஆலிமாவிடம் கேட்டுத் தெளியலாம். இதைச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் ஊசியை இடையில் விட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், இரத்தம் வராமலே போவது. மூன்று மாத ஊசியைத் தொடர்ந்து ஒரு வருடம் போட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாதவிடாய் நின்றுவிடும். "கெட்ட இரத்தம் உள்ளுக்கே தங்குது, அதுதான் தலையிடி, அதுதான் உடம்பு ஊதுது" என்று எங்கள் அம்மாமார் அதற்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள். மாதா மாதம் வெளியேறவேண்டியது வெளியேறவில்லை என்றால் அது எங்கே போனது என்று யோசிப்பது அறிவுள்ள யோசனைதான். நடப்பது என்னவென்றால், ஊசியிலுள்ள ஹோர்மோன் கர்ப்பப்பையின் உட்படலத்தைத் தடிக்க விடுவதில்லை. படலம் கட்டினால்தான் உதிர இருக்கும். கட்டாதபோது தேங்குவதற்கும் எதுவும் இல்லை. மெலிந்த படலம் ஆரம்பத்தில் அங்கங்கே கசிவதுதான் அந்தத் துளிகள். கசிவு தொல்லையாக இருந்தால், டொக்டரிடம் கேட்டு சில நாட்களுக்கு மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரை எடுக்கலாம். உடம்பு ஊதுவதிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது: ஊசி போடுபவர்களுக்குச் சராசரியாக வருடத்துக்கு ஒன்று இரண்டு கிலோ கூடலாம். இவ்வளவையும் முதல் நாளே சொல்லலாம். சனம் நிறைந்த கிளினிக்கில், வரிசை நீள நீள, "ஒண்டும் செய்யாது, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கமாகிப்போயிற்று. அந்தப் பெண் வீட்டுக்குப் போய் இருபது நாள் துளி பட்டதும், "ஒண்டும் செய்யாது" என்றவரின் மற்ற எல்லாச் சொல்லையும் சேர்த்தே தள்ளிவிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியும் தள்ளிவிடுகிறாள்.

உங்கள் மாமி சொல்வதற்கும் ஒரு வேர் இருக்கிறது. மூன்று மாத ஊசி கர்ப்பப்பையைக் காயவைப்பதில்லை, யாரையும் மலடாக்குவதுமில்லை. ஆனால் நிறுத்தியவுடனே கர்ப்பம் தங்காது. கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் செல்லும், சிலருக்கு அதற்கும் மேலே போகும். எங்கள் ஊரில் கல்யாணமாகி ஆறு மாதத்தில் "விசேசம் ஒண்டும் இல்லையோ" என்று கேட்கத் தொடங்குவார்கள். அந்த நிலையில் பத்து மாதத் தாமதம் ஒரு பெண்ணின் மேல் என்ன பெயரைக் கொண்டுவந்து வைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யாரோ ஒருத்திக்கு அப்படித் தாமதமானதை உங்கள் மாமி கண்ணால் கண்டிருப்பார். அதனால்தான் முதல் பிள்ளை பிறக்காத இளம் தம்பதிக்கும், அடுத்த வருடமே இன்னொன்று வேண்டும் என்று நினைப்பவருக்கும் நான் ஊசியைச் சொல்வதில்லை. குளிசை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப், ஜடெல் மூன்றிலும் நிறுத்தினால் அல்லது கழற்றினால் கருத்தரிக்கும் திறன் தாமதமின்றித் திரும்பும்.

லூப்பைப் பற்றிய பயம் வேறு மாதிரி. அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போகும், மண்டைக்குப் போகும் என்பார்கள். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவது ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில், மிக அரிதாக நடப்பது. முதல் வருடத்தில் சிலருக்குத் தானாகக் கழன்று விழலாம். செப்பு லூப்பில் ஹோர்மோனே இல்லை, பத்து வருடம் இருக்கும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் மாதவிடாய் கூடுதலாகப் போகும், வயிற்று வலியும் இருக்கும். ஏற்கெனவே இரத்தச்சோகை உள்ள தாய்க்கு அது சின்ன விஷயம் அல்ல. அம்மாமார் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு: அதை வைப்பதற்கு ஒரு மேசையில் கால் விரித்துப் படுக்க வேண்டும், வைப்பவர் ஆண் டொக்டராக இருக்கலாம். பெண் டொக்டர் வரும் நாள் எது என்று கேட்டுப் போங்கள் என்று சொன்னதாலேயே லூப் வைத்துக்கொண்டவர்கள் குச்சவெளிப் பக்கம் இருக்கிறார்கள்.

மதம் தடுக்கிறதா என்று வெளியாட்கள் முதலில் கேட்பார்கள். கத்தோலிக்கரிடம் மட்டும் தெளிவான மறுப்பு இருக்கிறது: 1968இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கை முறைகளை ஏற்கவில்லை, கருத்தரிக்காத நாட்களைக் கணித்து இருப்பதை மட்டும் அனுமதித்தது. பாலையூற்றில் பூசை தவறாத தாய்மார் சிலர் இதை மனதார ஏற்று நடக்கிறார்கள். அவர்களுக்கு நான் குளிசையைத் திணித்ததில்லை. ஆனால் பாலூட்டும் காலத்தில் உடம்பின் அடையாளங்களைப் பார்த்து நாள் கணிப்பது கடினம் என்பதையும், கணவன் ஒத்துழைக்காவிட்டால் அந்த முறையே இல்லை என்பதையும் சொல்லியிருக்கிறேன். இஸ்லாத்தில், குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே நபித்தோழர்கள் அஸ்ல், அதாவது கணவன் கடைசி நேரத்தில் விலகும் முறையைச் செய்ததாக நபித்தோழர் ஜாபிர் அவர்களின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி மனைவியின் உயிரையும் நலத்தையும் காப்பதை அதற்குரிய காரணங்களில் ஒன்றாக ஏற்றார். இருவரின் சம்மதத்தோடு தற்காலிக முறைகளைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். மருத்துவத் தேவையின்றி நிரந்தரமாக நிறுத்துவதைத்தான் தடுக்கிறார்கள். சைவர்களுக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் ஒரு பீடமே கிடையாது. ஆகவே "மதம் விடாது" என்று ஒரு தாய் சொன்னால், பல வேளைகளில் அது "மேலும் கேட்காதேங்கோ" என்பதற்கான மரியாதையான வழி என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மதத்தைவிட ஆழமாக வேலை செய்வது எண்ணிக்கை பற்றிய பயம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி எங்கள் மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 சதவீதம், தமிழர் 30, சிங்களவர் 27. மூன்று சமூகத்து வீட்டுத் திண்ணையிலும் நான் கேட்ட வசனம் ஒன்றேதான்: "எங்கட சனம் குறைஞ்சு போகுது, மற்றவை கூடீனம்." போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழ்த் தாயிடம் குடும்பத் திட்டம் பேசும்போது, அரச சீருடையோடு போகிற நாங்கள் யார் பக்கம் என்ற கேள்வி அவள் கண்ணில் இருக்கும். 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டம் வேரவில், வலைப்பாடு, கிராஞ்சிப் பெண்களுக்கு வற்புறுத்தி ஜடெல் ஏற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தக் கதை பஸ் ஏறி இங்கேயும் வந்து சேர்ந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டுக் கடையில் மலட்டுக் குளிசை கலக்கிறார்கள் என்று வதந்தி பரவி பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஆய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் டொக்டர்மேல் சுமத்திய கருத்தடைக் குற்றச்சாட்டுக்கும் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் காணவில்லை. பொய்யோ மெய்யோ, இவை ஒவ்வொன்றும் ஒரு தாயை கிளினிக் வாசலில் ஒரு கணம் நிறுத்துகின்றன. எந்த முறைக்கும் சம்மதம் கேட்பது அவளுடைய மொழியில் இருக்க வேண்டும், கழற்றச் சொன்னால் மறுபேச்சின்றிக் கழற்ற வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தது இதனால்தான். கழற்றித் தருவார்கள் என்று தெரிந்தால்தான் பெண்கள் துணிந்து வைப்பார்கள்.

பெண்ணின் கருக்குழாயைக் கட்டும் நிரந்தரச் சத்திரசிகிச்சை, ஊரில் சொல்கிற எல்.ஆர்.டி, அதற்குத் தனிக் கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் அந்தப் பேச்சை எடுக்கவே மனம் கூசியது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று கடல் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன ஊர்கள். குழாய் கட்டிய பிறகு இருந்த பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய்மார் உண்டு. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் பக்கம் அப்படிப்பட்டவர்களுக்கு மீண்டும் குழாயை இணைக்கும் சத்திரசிகிச்சைக்கு அரசே உதவியது, ஆனால் அது எல்லோருக்கும் பலிப்பதில்லை. "இருக்கிறதுக்கு ஒண்டு நடந்தா?" என்று நிலாவெளித் தாய் கேட்டால் அதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு நா எழாது. அப்படிக் கேட்பவருக்கு பத்து வருட லூப் இருக்கிறது, ஐந்து வருட ஜடெல் இருக்கிறது.

2006இல் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தபோது, விருப்பம் இருந்தும் தவணை தவறியவர்கள் அநேகம். ஊசிக்குத் தேதி உண்டு, அட்டையும் கிளினிக்கும் கைவிட்டுப் போனால் தேதியும் போய்விடும். அதை மனப்பாங்கு என்ற கணக்கில் சேர்க்கவே கூடாது.

வாய் திறக்காத உங்கள் கணவரைப் பற்றியும் பேச வேண்டும். இங்கே பிள்ளை பெறுவதும் தடுப்பதும் பொம்பிளையின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஆணுறையைப் பாமசியில் கேட்டு வாங்க வெட்கம், ஆணுக்குச் செய்யும் சின்னச் சத்திரசிகிச்சை என்றால் ஆண்மை போய்விடும் என்ற பேச்சு. ஆண்மைக்கு அதில் ஒரு குறையும் வராது, பெண்ணுக்குச் செய்வதைவிட அது இலகு, மூன்று மாதத்தின் பின் முழுப் பலன். இவ்வளவு காலத்தில் அதற்கு முன்வந்த ஆண்களைக் காண்பது அரிதாகவே இருந்தது. வெளிநாட்டில் கணவன் இருக்கும் வீடுகளில் கதை இன்னும் சிக்கல். கட்டாரிலிருந்து மாப்பிள்ளை ஒரு மாத லீவில் வருகிறார். அவர் வருவதற்கு முன்னரே மனைவி ஒரு முறையைத் தொடங்கியிருந்தால்தான் பாதுகாப்பு. "மனுசன் இல்லாத வீட்டில உனக்கு எதுக்கடி ஊசி?" என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து, அவர் வந்து இறங்கும்வரை பொறுத்திருப்பாள். அவர் திரும்பிப் போகும்போது அவள் வயிற்றில் ஒன்று இருக்கும்.

அப்படி வந்த கர்ப்பம் எங்கே போய் முடிகிறது என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கன்றிக் கருக்கலைப்பு குற்றம். குளிசை பாவம் என்று பயந்து விலகிய அதே பெண், ஒளித்து வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டு இரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்த நாட்கள் உண்டு. கணவன் விலகும் முறையை நம்பும் 100 தம்பதிகளில் வருடத்துக்குச் சுமார் 20 பேர் கருத்தரிக்கிறார்கள். செப்பு லூப்பில் அது ஒருவருக்கும் குறைவு. பதின்ம வயதுக் கர்ப்பங்கள் நாட்டின் சராசரியைவிடக் கூடுதலாகப் பதிவாகும் மாவட்டம் எங்களுடையது. பதினெட்டு வயதில் முதல் பிள்ளையோடு வரும் பெண்ணுக்கு மாமியார் அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. 2022 நெருக்கடியில் பால்மா விலை ஏறியபோது, கதவைச் சாத்திய வீடுகளிலிருந்தே பெண்கள் தாங்களாக வந்து கேட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கருத்தடைப் பொருட்களுக்கும் தட்டுப்பாடு வந்தது. மனம் மாறி வருகிறவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

தங்கை, உங்கள் விடயத்துக்கு வருகிறேன். இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம், பால் கொடுக்கிறீர்கள். ஊசியும் ஜடெலும் பாலைக் குறைக்காது. மித்துரி போன்ற, இரண்டு ஹோர்மோன் சேர்ந்த கலப்புக் குளிசை ஆறு மாதத்துக்குப் பிறகு எடுக்கலாம், சிலருக்குப் பால் சற்றுக் குறையக்கூடும். பிரஷர் இருந்தாலோ, கண்ணில் மின்னல் தெறிக்கும் ஒற்றைத் தலையிடி இருந்தாலோ அது வேண்டாம். இன்னொரு பிள்ளை வேண்டுமா, எப்போது வேண்டும் என்பதை முதலில் நீங்கள் இருவரும் பேசுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி வேண்டும், துளி படுவது பூசை புனஸ்காரத்துக்கு இடைஞ்சல் என்றால் லூப் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். இரத்தச்சோகை இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதிப்படுத்திவிட்டால் மாதவிடாய் வராமலே எந்த முறையையும் தொடங்கலாம். அதுவரை ஆணுறை. ஒருநாள் தவறினால் 72 மணித்தியாலத்துக்குள் அவசரக் குளிசை எடுக்கலாம். அது முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுமே தவிர, தங்கிய கருவைக் கலைக்காது.

மாமியோடு சண்டை வேண்டாம். கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் பயப்படும் அந்தக் கேள்வியை மிஸ்ஸிடம் அவரே கேட்கட்டும். பத்து மாதத் தாமதத்தை மறைக்காமல் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்ளக்கூடும். நான் பார்த்த மாமிமாரில் பலர் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையை எப்படியும் கொண்டுபோக வேண்டும்தானே, அன்றைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். இந்தக் கிழமையில் உங்கள் பகுதி கிளினிக் எந்த நாள் என்று மிட்வைஃபுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.